சிறு பள்ளிக்கூடம் தொடங்க: சட்டமும் பணமும்

ஆலையடிவேம்பில் சொந்த முயற்சியில் ஒரு சிறு பள்ளிக்கூடம் தொடங்க விரும்புவோர், காணி தேடுவதற்கு முன் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க உதவிபெறும் பாடசாலைகள் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு அரசைத் தவிர வேறு எவரும் புதிதாகப் பாடசாலை நிறுவுவதை அதன் 25ஆம் பிரிவு தடுக்கிறது.

முன்பு நிலைமை வேறு. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைக் கிழக்கில் வளர்த்தது அந்தக் காலத்தில்தான். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் இப்படியான உதவிபெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின.

சர்வதேசப் பாடசாலைகள் எப்படி இயங்குகின்றன என்று கேட்கலாம். அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் வணிக நிறுவனங்களாகப் பதிவானவை. கட்டணத்தில் ஓடும் அந்த வழி, கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு உதவாது.

நமக்கு எட்டக்கூடியவை முன்பள்ளியும் மாலைநேரக் கற்றல் நிலையமும்தான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான முன்பள்ளியைக் கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்தில் பதிய வேண்டும். கட்டடம், மலசலகூடம், குடிநீர், ஆசிரியையின் பயிற்சி ஆகியவற்றை முன்கூட்டியே சரிபார்த்து வைப்பது நல்லது. மாலை நிலையம் பாடசாலைக்குப் பதிலீடு அல்ல. அங்கே வரும் பிள்ளை பகலில் அரச பாடசாலையில் இருந்தாக வேண்டும். 2016 முதல் கட்டாயக் கல்வி வயது 16 வரை உயர்ந்திருக்கிறது.

இனிப் பணம். ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு வெளிநாட்டு உறவுகளின் பணம் வருவதில்தான் பல நல்ல முயற்சிகள் சந்தேகத்தில் முடிகின்றன. முதலில் சங்கம் ஒன்றை அமைத்து, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யுங்கள். பிரதேச மட்ட அமைப்பென்றால் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். சங்கத்தின் பெயரில் கணக்கு, இரண்டு கையொப்பம், கொடுத்த ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டு. ஊருக்குள் சங்கடம்தான், ஆனாலும் உறவினர் இருவரையே கையொப்பத்துக்குப் போடாதீர்கள்.

காணி விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் பலரிடம் இருப்பது உறுதி அல்ல, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்ட அனுமதிப்பத்திரம். குடியிருக்கவோ பயிரிடவோ கொடுத்த அந்தக் காணியை, பிரதேச செயலாளரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் சங்கத்துக்கு மாற்ற முடியாது. ஒப்புதலின்றி நன்கொடைப் பணத்தில் எழும் கட்டடம், அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவரின் வாரிசுகளோடு வழக்காக மாறலாம். இடம்பெயர்வில் பத்திரத்தைத் தொலைத்தவர்கள் பிரதி எடுத்த பிறகே அத்திவாரம் வெட்ட வேண்டும்.

கட்டடத்துக்குக் கொடையாளர் கிடைப்பார். சம்பளத்துக்குக் கிடைப்பது அரிது. போரில் துணையை இழந்த ஒருவர் ஆசிரியையாக இருந்தால், பெற்றோர் கட்டணம் வராத மாதம் அவர் வீட்டு உலையும் ஏறாது. ஆகவே ஓராண்டுச் சம்பளத்தைச் சங்கக் கணக்கில் ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளைச் சேருங்கள். யாப்பு, உறுப்பினர் பட்டியல், முதற்கூட்ட அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளோடு பிரதேச செயலகத்துக்குப் போனால் பதிவு வேலையைத் தொடங்கலாம்.