தெருமுனை வரை நல்ல ரோடு

“நெட் ரொம்ப ஸ்லோவா இருக்குங்க” என்று புகார் எண்ணுக்கு அழைத்தால், “ஸ்பீட் டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க சார்” என்பார்கள். எடுத்தால் 94 எம்பிபிஎஸ் காட்டும். “எங்க சைடு எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்.” நம் திரையில் வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எண்ணும் பொய்யில்லை, நம் எரிச்சலும் பொய்யில்லை. அப்புறம் எங்கேதான் கோளாறு?

இந்தக் கேள்வி பழையது. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலைபார்த்த மைக் மூஸ், நெட்வொர்க் மக்கர் செய்ததால் ஒரே மாலையில் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினார். பெயர் பிங். கடலுக்குள் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் சோனாரின் சத்தம்தான் அது. தரவுத் துணுக்கு ஒன்று போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பிங் சொல்லும். வேடிக்கை என்னவென்றால், மூஸ் முதல் பிங்கை அனுப்புவதற்குள் பழுதைச் சரிசெய்துவிட்டார்கள்!

பிங் பொறியாளர்களின் கருவி. சாதாரண வாடிக்கையாளர்களுக்கு 2006இல் ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் வந்தது. அருகிலுள்ள சர்வரோடு தரவைக் கொடுத்து வாங்கி, ஒரு வினாடிக்கு எவ்வளவு போகிறது என்று அது கணக்கிடும். அந்த சர்வர் பல சமயம் நமக்கு இணைப்பு தரும் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். தெருமுனை வரை ரோடு நன்றாக இருக்கிறது என்பதுதான் அந்த 94க்கு அர்த்தம். நாம் போகவேண்டிய ஊரோ அதற்கும் அப்பால்.

அந்த அப்பால்தான் அமெரிக்காவில் சண்டையே நடந்தது. நெட்ஃபிளிக்ஸும் காம்காஸ்டும் தரவைக் கைமாற்றிக்கொள்ளும் வழியில் நெரிசல், படங்கள் தடுமாறின. 2014இல் நேரடி இணைப்புக்குப் பணம் கொடுக்க நெட்ஃபிளிக்ஸ் ஒப்புக்கொண்டது. 2016இல் அதுவே ஃபாஸ்ட்.காம் தளத்தைத் திறந்தது. அது தன் சொந்த சர்வர்களிலிருந்து அளக்கிறது. வீடியோவை மட்டும் யாராவது மெதுவாக்கினால் அங்கே எண் சரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதே ஆண்டு இந்தியாவில் டிராய் அமைப்பு மைஸ்பீட் செயலியை வெளியிட்டது.

ஆக, எண்ணைப் பார்க்கும் முன் எங்கிருந்து எதுவரை அளந்தது என்று கேட்கவேண்டும். மூஸுக்கு நடந்தது நமக்கும் நடக்கும். ஆள் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக ஓடும். அதனால் இரவு ஒன்பது மணிக்கு, நெட் திணறும்போதே, இரண்டு கருவிகளில் அளந்து தேதியோடு சேமித்து வையுங்கள். அடுத்த முறை “எங்க சைடு சரிதான் சார்” என்றால், எந்தத் தெருமுனை வரை என்று கேட்கலாம்.