கரிசல் காட்டில் காணாமல் போன கோட்டைகள்

அயர்லாந்தின் கிராமப்புறங்களில் பயணம் செய்பவர்களுக்கு ஒரு காட்சி சாதாரணம். பச்சை வயல், மேயும் ஆடுகள், நடுவில் கூரையில்லாத ஒரு கல் கோட்டை. 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 17-ஆம் நூற்றாண்டு வரை அங்கே சிறுசிறு பிரபுக்கள் கட்டிக்கொண்ட கோபுர வீடுகள்தான் இவற்றில் பெரும்பாலானவை. 1649-ல் கிராம்வெல் படையோடு வந்து இறங்கியபின் பல கோட்டைகள் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டன. ஆனாலும் கல் என்பதால் பாதிச் சுவராவது நிற்கிறது.

நம் ஊரிலும் இதேபோல சிறுசிறு தலைவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கோட்டைகள் இருந்தன. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில் மட்டும் எத்தனையோ பாளையங்கள்: எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், மணியாச்சி, மேல்மாந்தை, கொல்லார்பட்டி... ஆனால் இன்று பஸ் பிடித்து ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்த்தால் ஒரு பழைய கோட்டைச் சுவர் கண்ணில் படுவதே அரிது. அந்தக் கோட்டைகள் எல்லாம் எங்கே போயின?

மண்ணால் ஒரு கோட்டை

16-ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். பாளையக்காரர் வரி வசூலிப்பார், காவல் காப்பார், அரசர் கேட்டால் படை அனுப்புவார். அதற்காக அவருக்கு ஒரு கோட்டை வேண்டும். கரிசல் காட்டில் கிடைத்த பொருள் மண். அதனால் கோட்டையும் மண் கோட்டை.

'கோட்டை' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம்தான். அதன் போர்க் காட்சிகள் ராஜஸ்தானில் ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டவை. உண்மையான பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எப்படி இருந்தது என்பதை, 1801-ல் அதைத் தாக்கிய படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் புத்தகம் 1830-ல் வெளிவந்தது. அவர் தரும் கணக்குப்படி கோட்டையின் இரண்டு பக்கங்கள் சுமார் 500 அடி, மற்ற இரண்டு சுமார் 300 அடி. சுவர் சுமார் 12 அடி உயரம். முழுக்க முழுக்க மண். சுற்றிலும் முள்வேலி. அவ்வளவுதான்! ஒரு பெரிய பள்ளிக்கூட மைதானத்துக்குள் அடங்கிவிடக்கூடிய இடம்.

இவ்வளவு சின்ன மண் கோட்டை பீரங்கியை எப்படித் தாங்கியது? கல் சுவரில் குண்டு பட்டால் கல் சிதறும், சுவர் சரியும். கெட்டியான மண் சுவரில் குண்டு புதைந்துவிடும். பகலில் ஓட்டை விழுந்தாலும் இரவோடு இரவாக மண்ணைக் குழைத்து அடைத்துவிடலாம். சாமானும் ஆளும் பக்கத்துக் காட்டிலேயே கிடைக்கும். கல் கோட்டையில் இது நடக்காது.

இரண்டு தடவை விழுந்த ஊர்

1792-ல் ஆற்காடு நவாபோடு செய்த ஒப்பந்தத்தின் மூலம் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. பாக்கி விஷயத்தில் கலெக்டர் ஜாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் மோதல் முற்றியது. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்து, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார்.

அடுத்த ஆண்டு 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். முதல் தாக்குதல் தோற்றது. கூடுதல் படை வருவதை அறிந்த கட்டபொம்மன் இரவில் கோட்டையை விட்டு வெளியேறினார். பின்னர் புதுக்கோட்டை தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாறில் மற்ற பாளையக்காரர்கள் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமானது. அது முதல் தடவை.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று அங்கிருந்து தப்பினார். ஒரு வாரம் போல் கழித்து மேஜர் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது, இடித்துப்போட்ட இடத்தில் மறுபடியும் ஒரு கோட்டை எழுந்து நின்றது! சுற்று வட்டார மக்கள் ராப்பகலாக வேலை செய்து எழுப்பிய சுவர் அது. மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலில் கம்பெனிப் படை பெரும் இழப்போடு பின்வாங்கியது. கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்த பிறகு மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது.

அன்று ஊமைத்துரை காயம்பட்டுக் களத்தில் கிடந்தார். இதைப் பற்றி வெல்ஷ் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய் அவனைக் குற்றுயிராகக் கண்டெடுத்தாள். அவனோ, என்னை விட்டுவிட்டு சாமியைக் காப்பாற்று என்று சொல்லிவிட்டானாம். ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டில் கிடத்தினார்கள். எட்டயபுரத்து வீரர்கள் தேடி வந்தபோது துணியால் மூடி, அம்மை போட்டு இறந்துபோன பிள்ளை என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து விலகிப் போய்விட்டார்கள். எதிரிப் படை அதிகாரியே வியப்போடு பதிவு செய்த நிகழ்ச்சி இது. அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதி வைக்கவில்லை.

பின்னர் சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்ட ஊமைத்துரையும் பிடிபட்டு, 1801 நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். இந்த முறை கம்பெனி கோட்டையை இடித்ததோடு விடவில்லை. இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், ஊரின் பெயரையே கணக்கிலிருந்து எடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். பாளையத்துக் கிராமங்கள் எட்டயபுரம், மணியாச்சி போன்ற விசுவாசமான பாளையங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 1803-ல் பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். ஜமீன்தாருக்குப் படையும் இல்லை, கோட்டையும் தேவையில்லை. கரிசல் காட்டுக் கோட்டைகள் காணாமல் போனது இப்படித்தான்.

நின்று போன அரண்மனை

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி சாலையில் உள்ள எட்டயபுரத்தில் ஒரு பழைய அரண்மனை இன்னும் இருக்கிறது. காரைச் சுவர்களும் தூண்களுமாக, பராமரிப்பு இல்லாமல் சிதிலமடைந்து நிற்கிறது. இது நிற்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் இருந்தது. 'எட்டப்பன்' என்ற பெயரே தமிழில் ஒரு வசைச் சொல்லாகிவிட்டது.

ஆனால் அந்த ஒரு சொல்லோடு எட்டயபுரத்தை முடித்துவிட முடியாது. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் இறந்தது இந்த ஊரில்தான். அவருடைய சமாதியும் இங்கேயே இருக்கிறது. அவர் கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்திய சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் எட்டயபுரத்தில் அச்சானது. 1882-ல் இந்த ஊரில் பிறந்த சுப்பிரமணியன் என்ற பையனுக்கு 'பாரதி' என்ற பட்டம் கிடைத்ததும் இந்த ஜமீனின் அவையில்தான். கம்பெனியோடு சேர்ந்ததால் பிழைத்த அரண்மனை, வெள்ளையனை எதிர்த்துப் பாடிய கவிஞனுக்குப் பெயர் கொடுத்தது! வரலாறு நல்லவன், கெட்டவன் என்று இரண்டு பெட்டிகளில் அடங்குவதில்லை.

இன்று பார்க்கக் கிடைப்பது

பாஞ்சாலங்குறிச்சி ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. (ஒட்டப்பிடாரம் வ.உ.சி. பிறந்த ஊர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.) அங்கே இப்போது தெரியும் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. போர்க் காட்சிகள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

உண்மையான கட்டபொம்மன் காலத்துத் தடயம் தரை மட்டத்தில் இருக்கிறது. தொல்லியல் துறை 1968-69-ல் இங்கே அகழாய்வு செய்தது. பழைய அரண்மனையின் அடித்தளம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த அடித்தளத்தின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால்தான் பானர்மேனும் அக்னியூவும் எதை அழித்தார்கள் என்பது புரியும். பக்கத்திலேயே வீரசக்கதேவி ஆலயம் இருக்கிறது.

அருகில் இன்னொரு இடமும் உண்டு. அந்தப் போர்களில் இறந்த ஆங்கிலேயர்களின் கல்லறைகள். பலரும் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவசியம் பார்க்க வேண்டிய இடம். வந்து தாக்கியவர்களுக்குக் கல் இருக்கிறது. கோட்டைக்குள் நின்று செத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. சுந்தரலிங்கம், வெள்ளையத்தேவன் போன்ற சில பெயர்கள் பிழைத்தது, ஊர் ஊராகப் பாடப்பட்ட கதைப்பாடல்களால்தான். அந்தக் கட்டபொம்மு கதைப்பாடலை ஆராய்ந்து பதிப்பித்தவர் பேராசிரியர் நா. வானமாமலை.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் நெடுஞ்சாலையில் கயத்தாறு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில், சிவாஜி கணேசன் தன் சொந்தச் செலவில் நிலம் வாங்கி 1970-ல் அமைத்த சிலை நிற்கிறது. தூக்கிலிட்டது ஒரு புளியமரத்தில் என்பார்கள். அந்த மரம் இப்போது இல்லை.

எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு மூன்றையும் காலையில் கிளம்பினால் ஒரே நாளில் பார்த்துவிடலாம். வெயில் கடுமை, நிழல் குறைவு. தண்ணீர் பாட்டில் அவசியம். மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்பை விடாது. எட்டயபுரம் அரண்மனைக்குள் போவதானால் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு போவது மரியாதை.

ஒரு கோட்டை இருந்தால் யார் கட்டினார்கள் என்று கேட்கிறோம். இல்லாவிட்டால் யார் இடித்தார்கள் என்றும் கேட்க வேண்டும். கரிசல் காட்டில் ஒவ்வொரு ஊரிலும் 'கோட்டை மேடு' என்றோ 'அரண்மனைத் திடல்' என்றோ ஒரு வெற்றிடத்தைப் பெரியவர்கள் கைகாட்டக்கூடும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது நல்லது. மண் சுவரை ஒரு வாரத்தில் மறுபடி எழுப்பிவிட்டார்கள். மறந்துபோன பெயரை அப்படி எழுப்ப முடியாது.