குழியும் கட்டையும்: மழலையர் புதிர்ப் பலகையின் இரு வரலாறுகள்

இரண்டு வயதுக் குழந்தைக்கெனக் கடைகளில் கிடைக்கும் புதிர்ப் பொம்மைகளுள் மிக எளியது வடிவப் பலகை. வட்டம், சதுரம், முக்கோணம் எனக் குழிகள் வெட்டிய ஒரு மரப்பலகை. அக்குழிகளில் பொருந்தும் சில கட்டைகள். இதே பலகை இந்திய உளவியல் சோதனைக் கூடங்களிலும் இருக்கிறது. அங்கு அதற்குச் சேகன் வடிவப் பலகை என்று பெயர். பத்துக் கட்டைகளையும் குழந்தை எத்தனை நொடிகளில் பொருத்துகிறது என்பதை நிறுத்துக் கடிகாரம் கொண்டு அளந்து, அதன் மன வயதைக் கணிப்பர். ஒரே பொருள் ஓரிடத்தில் விளையாட்டாகவும் மற்றோரிடத்தில் தேர்வாகவும் ஆனது எவ்வாறு என்பதை அறிந்தால், மழலைக்குப் பொம்மை தேர்வது எதைப் பொறுத்தது என்பதும் ஓரளவு தெளிவாகும்.

இப்பலகையின் கதை பிரான்சில் தொடங்குகிறது. 1800ஆம் ஆண்டில் அவேரோன் பகுதிக் காட்டிலிருந்து வெளிப்பட்ட, பேச்சறியாத சிறுவனொருவன் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டான். அவனைக் கற்பிக்க இயலாதவன் என்று அக்காலத்தின் புகழ்பெற்ற மருத்துவர் பினெல் முடிவு கூறினார். காதுகேளாதோர் நிறுவனத்தில் பணியாற்றிய ழான் இதார் என்னும் இளம் மருத்துவர் அம்முடிவை ஏற்கவில்லை. சிறுவனுக்கு விக்தோர் எனப் பெயரிட்டுக் கற்பிக்கத் தொடங்கினார். ஒரு பலகையில் சிவப்பு வட்டம், நீல முக்கோணம், கறுப்புச் சதுரம் ஆகிய காகித வடிவங்களை ஒட்டி, அவற்றுக்கு இணையான அட்டைகளை அவற்றின் மேல் பொருத்தச் செய்தார். பின்னர் நிறவேறுபாட்டை நீக்கி, வடிவத்தை மட்டும் கொண்டு பொருத்தச் செய்தார். பயிற்சி கடுமையானபோது விக்தோர் சினந்து அட்டைகளை வீசியெறிந்ததை இதாரே பதிவு செய்துள்ளார்.

இப்பயிற்சியில் ஒரு குறை இருந்தது. தட்டையான காகிதத்தின் மேல் எந்த அட்டையையும் வைக்கலாம். வைத்தது தவறு என்று சொல்ல ஆசிரியர் ஒருவர் அருகிலிருக்க வேண்டும். இதாரின் மாணவர் எதுவார் சேகனின் பெயரால் வழங்கும் பலகையில் வடிவங்கள் குழிகளாக மாறின. சதுரக் கட்டை வட்டக் குழிக்குள் இறங்காது. தவறு என்று சொல்லும் பொறுப்பு ஆசிரியரின் வாயிலிருந்து மரத்துக்கு மாறியது. அறிவுவளர்ச்சி குன்றியோர் எனத் தள்ளப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிப்பது பற்றி 1846இல் விரிவான நூலொன்றை வெளியிட்ட சேகன், பின்னர் அமெரிக்காவில் குடியேறி அங்கும் அப்பணியைத் தொடர்ந்தார்.

சேகனுக்குப் பின் பாதை இரண்டாகப் பிரிகிறது. நியூ ஜெர்சியின் வைன்லாந்தில் பணியாற்றிய உளவியலாளர் ஹென்றி காடர்ட் போன்றோர், 1910களில் இப்பலகையை அறிவுத்திறனை அளக்கும் கருவியாக்கினர். கற்பிக்க இயலும் என்று நிறுவுவதற்காகப் பிறந்த பொருள், குழந்தைகளை வகைப்படுத்தும் பொருளாயிற்று. காடர்ட் இனமேம்பாட்டுக் கொள்கையின் ஆதரவாளராகவும் இருந்தார் என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது.

மற்றொரு பாதை உரோமை நகருக்குச் சென்றது. மரியா மாண்டிசோரி, இதார், சேகன் இருவரின் நூல்களையும் தம் கைப்படவே இத்தாலியத்தில் பெயர்த்தெழுதிப் பயின்றவர். 1907 ஜனவரி 6 அன்று சான் லொரன்சோ என்னும் உழைப்பாளர் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் அக்கருவிகள் புது வடிவம் பெற்றன. அவற்றுள் உருளைக் கட்டைகள் தனித்துக் கவனிக்கத் தக்கவை. நான்கு மரத்தொகுதிகள்; ஒவ்வொன்றிலும் பிடியுடன் கூடிய பத்து உருளைகள். ஒரு தொகுதியில் உயரம் மட்டும் மாறும். மற்றொன்றில் விட்டம் மட்டும் மாறும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சிக்கல் என்பதே அதன் அமைப்பு. விட்டம் மாறும் தொகுதியில் மெல்லிய உருளையை அகன்ற துளையில் இட்டால் அப்போதைக்குத் தடையில்லை. ஆனால் இறுதியில் ஓர் உருளை எந்தத் துளையிலும் நுழையாமல் கையில் எஞ்சும். அப்போது குழந்தை தானே முதலிலிருந்து தேடத் தொடங்கும். ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமியொருத்தி இப்பயிற்சியை இடைவிடாது 40 தடவைக்கும் மேல் செய்ததைக் கண்டது தம் கருத்துகளுக்குத் திருப்புமுனையாக அமைந்தது என்று மாண்டிசோரி எழுதினார். அவளைப் பாராட்டுவோரும் இல்லை, நேரம் குறிப்போரும் இல்லை.

இக்கருவிகள் இந்தியாவுக்கு வந்தபோது வேறொரு வினா எழுந்தது. 1931 அக்டோபரில் லண்டனில் மாண்டிசோரி ஆசிரியர்களிடையே உரையாற்றிய காந்தி, இக்கல்வி செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு நில்லாமல் ஏழைகளின் குழந்தைகளுக்கும் கிட்ட வேண்டும் என்னும் நம்பிக்கையை வெளியிட்டார். உழைப்பாளர் குடியிருப்பில் உருவான முறை, துல்லியமாகக் கடையப்பட்ட மரக்கருவிகளின் விலையால் வசதி படைத்தோரின் உடைமையாகிவிடும் நிலை அப்போது இருந்தது.

அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சி மேற்கிந்தியாவில் முன்னரே தொடங்கியிருந்தது. 1920இல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பத்தேகா, மாண்டிசோரி முறையைக் குஜராத்தி மொழிக்கும் கதை, பாடல், நாடகம் ஆகியவற்றுக்கும் இசைவாக மாற்றினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோதக் 1945இல் போர்டி என்னும் கடலோர ஊருக்கும், பின்னர் கோஸ்பாட் குன்றுக்கும் சென்றார். அங்கு அவரும் அனுதாய் வாக்கும் வார்லி பழங்குடிக் குழந்தைகளிடையே கூழாங்கல், சிப்பி, விதை, இலை, களிமண் ஆகியவற்றைக் கொண்டு பயிற்சிகளை அமைத்தனர். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் முற்றத்துக்கே பள்ளி சென்றது. அங்கன்வாடி என்னும் அவ்வடிவத்தின் பெயரையே, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடெங்கும் ஏற்றுக்கொண்டது.

1939இல் அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரியும் போர்க்கால ஆண்டுகளை இந்தியாவிலேயே கழித்தார். பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான பருவத்தை அவர் விரிவாக ஆராய்ந்ததும் இக்காலத்தில்தான். அகமதாபாத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளின் அடிப்படையில் அமைந்த 'உள்வாங்கும் மனம்' என்னும் நூல் 1949இல் சென்னை அடையாற்றில் ஆங்கிலத்தில் வெளியாயிற்று.

இவ்வரலாறு பொம்மை தேர்வோருக்குச் சில அளவுகோல்களைத் தருகிறது. தவறைப் பொருளே காட்ட வேண்டும். குழந்தை பெரியவரின் முகத்தைப் பார்த்து விடை அறியும் நிலை கூடாது. சரியாக வைத்தவுடன் ஒலியெழுப்பிப் புகழும் மின்பொம்மை, இதாரின் காகிதப் பலகை நிலைக்கே திரும்புகிறது; தீர்ப்பு மீண்டும் வெளியிலிருந்து வருகிறது. நிறம், வடிவம், எண், எழுத்து அனைத்தையும் ஒருங்கே திணிக்கும் பலகையைவிட, ஒரே வேறுபாட்டை மட்டும் முன்வைப்பது இரண்டு வயதுக்கு ஏற்றது. சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு மெருகேற்றிச் செய்யும் அடுக்கு வளையங்கள் இதற்குப் பொருந்தும். ஒன்றினுள் ஒன்று அடங்கும் அடுக்களைக் கிண்ணங்களும் மூடி பொருந்தும் டப்பாக்களும் செலவின்றி அதே பணியைச் செய்யும்.

பாதுகாப்பும் தேர்வின் ஒரு கூறே. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்குத் தரமுத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞரின் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மையின் எப்பகுதியும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கிவிடக் கூடாது என்பது தரவிதி. கோஸ்பாட்டின் கூழாங்கல்லும் விதையும் அவ்வயதைக் கடந்த குழந்தைகளுக்கே உரியவை.

இன்று பல பொம்மைப் பெட்டிகள் அறிவுத்திறனைப் பெருக்குவதாக அறிவிக்கின்றன. காடர்டின் கடிகாரம் இவ்வாறு வீட்டுக்குள்ளும் நுழைகிறது. பெற்றோர் அருகமர்ந்து நொடிகளை எண்ணத் தொடங்கினால், எத்துணை நல்ல பலகையும் தேர்வுத்தாளாகிவிடும். சதுரக் கட்டையை வட்டக் குழியில் பத்தாம் முறையாக அழுத்திப் பார்க்கும் குழந்தையின் கையைப் பிடித்துத் திருத்தாமல் இருப்பதற்கான பொறுமை, பொம்மையுடன் சேர்த்து விற்கப்படுவதில்லை. கற்பிக்க இயலாதவன் என்ற தீர்ப்பை மறுத்துப் பிறந்த ஒரு பொருளுக்கு அப்பொறுமை இன்றியமையாதது.