பொன்னி நெல்லின் பிறப்பும் பயிரின் உயரமும்

மலாக்கா மாநிலத்துச் செங் வட்டாரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பொன்னி அரிசிச் சோற்றை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. பொன்னி என்பது காவிரியின் பெயர். ஆதலின் அந்நெல்லும் காவிரிக் கரையிலேயே தோன்றியது எனப் பலர் எண்ணுவது இயல்பே. உண்மை வேறு. தமிழ்நாட்டில் பொன்னி என வழங்கும் நெல், மலாயாவில் உருவாக்கப்பெற்று 1965இல் 'மசூரி' என்னும் பெயரோடு வெளிவந்த நெல்லின் வழியினதாகும். லங்காவித் தீவின் பழங்கதையில் வரும் நங்கை ஒருத்தியின் பெயரைத் தாங்கிய நெல், கடல் கடந்ததும் ஆற்றின் பெயரைப் பூண்டது.

அதன் வரலாற்றை அறிய, உழவர் நெடுங்காலம் அஞ்சிய ஒரு குறையை முதலில் அறிதல் வேண்டும். பழைய நெல் வகைகளிற் பல நான்கைந்து அடி உயரம் வளர்வன. எரு மிகுந்தால் தாள் மேலும் நீண்டு மெலியும். கதிர் முற்றுங்கால் காற்றோடு மழை வந்தால் பயிர் சாயும். மணிகள் நீரிற் கிடந்து முளைத்துவிடும். மிகுதியாக எருவிட்டவனே மிகுதியாக இழந்தான்! எனினும் நெட்டைப் பயிரை உழவன் வெறுத்தானல்லன். மாட்டுக்கு வைக்கோலும் கூரைக்குத் தாளும் அதுவே தந்தது. களையை நிழலால் அடக்கியதும், வயலில் நீர் உயர்ந்தபோது தலை நிமிர்ந்து நின்றதும் அதுவே. இந்நன்மைகளை ஆராய்ச்சியாளர் சிலர் எளிதில் மறந்துவிட்டனர்.

உயரம் தலைமுறைதோறும் எவ்வாறு இறங்குகிறது என்பது மரபியலின் தொடக்க வினாக்களுள் ஒன்று. துறவி மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்து, இரண்டாந் தலைமுறையில் 1,064 செடிகளை எண்ணினார். நெட்டை 787, குட்டை 277. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. நெல்லிலும் பருத்தியிலும் கணக்கு எப்போதும் இவ்வளவு எளிதாக அமைவதில்லை. சில கலப்புகளில் ஒரே மரபணு உயரத்தை முடிவு செய்யும். வேறு சிலவற்றில் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கு கொள்ளும்.

நெல்லில் இவ்வினாவை ஆராய்ந்தோருள் தமிழராகிய கே. இராமையா சிறப்பாகக் குறிக்கத்தக்கவர். கோயமுத்தூரில் 1912இல் தொடங்கப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், நெற்பயிரின் உயரம் வழிவழி இறங்கும் முறையைப் பற்றி 1933இல் கட்டுரை வெளியிட்டார். பின்னர் இந்தோரில் பருத்தியின் மரபியலை ஆராய்ந்தார். கட்டாக்கில் 1946இல் நிறுவப்பெற்ற மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவரே முதல் இயக்குநர்.

அக்கட்டாக்கில்தான் 1950இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு ஒரு பெருங்கலப்புத் திட்டம் தொடங்கிற்று. ஜப்பானிய வகை நெல் குட்டையானது. எருவை ஏற்றுச் சாயாது நிற்பது. நம் நாடுகளின் இண்டிகா வகை நெட்டையானது. ஆனால் மண்ணுக்கும் நாவுக்கும் பழகியது. இரண்டின் நலங்களையும் ஒரு பயிரில் சேர்ப்பதே நோக்கம். கலப்புகள் பல செய்தும், வயலில் நிலைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. தஞ்சை மாவட்டத்து ஆடுதுறையில் 1965இல் வெளிவந்த ஏ.டி.டி. 27 ஒன்று. மலாயாவில் 1964இல் வந்த மாலிஞ்சாவும் அடுத்த ஆண்டு வந்த மசூரியும் மற்றவை. மசூரியின் பெற்றோர் மலாயாவின் மாயாங் ஈபோஸ் 80, தைவானின் தைச்சுங் 65.

ஆனால் குட்டையாகும் என எதிர்பார்த்த மசூரி குட்டையாகவில்லை. நான்கடிக்கு மேல் வளர்ந்து, எரு மிகுந்தால் சாயும் பழைய இயல்போடுதான் பிறந்தது.

மறு ஆண்டே, 1966இல், பிலிப்பைன்ஸ் நாட்டு அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்னும் நெல்லை வெளியிட்டது. தைவானின் 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்னும் குட்டை நெல்லை, இந்தோனேசியாவின் நெட்டையான 'பேத்தா'வோடு கலந்து பெற்றது அது. இங்கே மெண்டலின் கணக்கு அப்படியே பலித்தது: இரண்டாந் தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு குட்டை. காரணம் ஒரே மரபணு. தாளை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்னும் பொருளைப் பயிர் ஆக்குவதில் அம்மரபணுவுக்குப் பங்குண்டு என்பதும், குட்டை நெல்லில் அதன் ஒரு துண்டு அறுந்து போயிருக்கிறது என்பதும் 2002இல் வெளியாயின.

மூன்றடி உயரமே உடைய ஐ.ஆர்.8, மலேசியாவில் 'ரியா' என்னும் பெயர் பெற்றது. விளைவு பெருகியது, ஆனால் அரிசி பருமன், சோறு ஆறினால் விறைத்துப் போகும். ஆகவே உயரத்தில் தோற்ற மசூரி, சன்னமான அரிசியால் வென்றது. இந்தியாவின் கிழக்குப் பகுதிகளிலும் வங்கத்திலும் நேபாளத்திலும் உழவர் அதனை விரும்பிப் பயிரிட்டனர். விளைவை மட்டும் நிறுத்துப் பார்த்துப் பயிரை மதிப்பிடுவது எத்துணைக் குறையுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வெள்ளைப் பொன்னி 1986இல் வந்தது. ஆந்திரத்து பாபட்லாவில் சம்பா மசூரி வெளிவந்ததும் அவ்வாண்டே. பின்னதன் மரபு சுவையானது. கிச்சிலிச் சம்பா என மக்கள் வழங்கும், 1921இல் கோயமுத்தூர் தந்த ஜி.இ.பி. 24 ஒரு பக்கம். டீ-ஜியோ-வூ-ஜென் வழிவந்த குட்டை நெல்லாகிய தைச்சுங் நேட்டிவ் 1 மற்றொரு பக்கம். இவ்விரண்டின் கலப்போடு மலாயாவின் மசூரி சேர்ந்தது. மசூரியின் சன்னமும் தைவானின் குட்டைத் தாளும் அப்பயிரில் கூடின. அதனைத் தமிழ்நாட்டு உழவர் 'ஆந்திரா பொன்னி' என்கின்றனர். வெள்ளைப் பொன்னியோ இன்றும் நெட்டையே; எரு மிகுந்த சம்பா வயலில், வடகிழக்குப் பருவமழை கடுமையாக இறங்கும் ஆண்டுகளில், அது இன்றும் சாய்கிறது.