கடைசி இடத்தில் கிடைத்த முத்துகள்



தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துச் சிப்பிகளைப் பிளந்தவர்கள் ஓர் உண்மையை நன்கறிவார்கள். பெரும்பாலான சிப்பிகளில் முத்து இராது. ஆயினும் கிடைத்த ஒரு நல்முத்து, பட்ட பாட்டையெல்லாம் மறக்கச் செய்துவிடும். மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்தில் இறுதியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். அதே ஆண்டில், சதுரங்கத்தில் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார், தமிழ்நாட்டு வீரர் மானுவல் ஆரோன்.

அவர் 1935இல் பர்மாவில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அந்நாளில் நம் வீட்டுத் திண்ணைகளில் ஆடப்பெற்ற சதுரங்கத்துக்கு விதிகள் வேறு. காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அரசன் ஒருமுறை குதிரையைப் போல் தாவலாம். உலக அரங்கில் ஆட விரும்பியவர் பழகிய வழக்கத்தை விடுத்துப் புதிய விதிகளில் தேற வேண்டியிருந்தது. ஆரோன் தேறினார். ஆஸ்திரேலியாவின் சிசில் பர்டியை 3–0 என வென்று, ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த இன்டர்சோனல் போட்டிக்குத் தகுதி பெற்றார்.

1962இன் தொடக்கத்தில் அங்கே 23 வீரர்கள் கூடினர். ஒவ்வொருவருக்கும் 22 ஆட்டங்கள். அறுவர் மட்டுமே உலகப் பட்டத்தை நோக்கி அடுத்த படி ஏற இயலும். அமெரிக்காவின் பாபி ஃபிஷர் முதலிடம் பெற்றார். ஆரோனுக்குக் கிடைத்தது கடைசி இடம்.

பட்டியலை மட்டும் படிப்பவர் இவ்வளவில் ஏட்டை மூடிவிடுவார். ஆனால் போட்டிச் சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்வும் எழுதி வைக்கப்படுகிறது. அவ்வேடுகளே நமக்குச் சான்று. அவற்றைப் புரட்டினால், ஹங்கேரியின் லாயோஸ் போர்டிஷும் கிழக்கு ஜெர்மனியின் உல்ஃப்காங் உல்மானும் ஆரோனிடம் தோற்றது தெரியவரும். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். கடைசி இடத்தவரிடம் ஒரு முழுப் புள்ளி எளிதில் கிட்டும் என்றே வலியவர் எவரும் கணக்கிடுவர். அந்தக் கணக்கு அங்கே பொய்த்தது. முன்னேறிய அறுவரில் அவ்விருவரும் இல்லை.

தோல்விகள் பலவற்றைத் தாங்கிய பின்னும் அடுத்த ஆட்டத்திற்குப் புத்துள்ளத்தோடு அமர்வது எளிதன்று. அந்த உறுதியை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை, பிறர்க்கும் வழங்கினார். 1972இல் சென்னையில், சோவியத் பண்பாட்டு மையத்தில், தால் சதுரங்கக் கழகத்தை நிறுவினார். அங்கே பயின்ற சிறுவன் விசுவநாதன் ஆனந்த், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானான். 2024இல் சென்னையின் குகேஷ் தம் 18ஆம் வயதில் உலகப் பட்டம் வென்றார்.

வரலாறு படிக்கும் நீங்கள் வெற்றிப் பட்டியலின் கடைசி வரியையும் நின்று படியுங்கள். பின்னால் வந்தவர்கள் நடந்த பாதையின் தொடக்கம் சில வேளை அங்கேதான் இருக்கும்.