உலக்கைச் சத்தமும் கல்லறை எழுத்தும்



யப்பான் என்றதும் தமிழாசிரியனாகிய எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பேராசிரியர் சுசுமு ஓனோ. யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு தேடிய அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள் நமது பேராசிரியர் அ. சண்முகதாசும் கலாநிதி மனோன்மணி சண்முகதாசும். அந்த ஆய்வின் முடிவுகளை மொழியியலாளர் எல்லோரும் ஏற்றுக்கொண்டாரல்லர். அது தனிக்கதை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறோர் உறவு; ஒரு மனிதனுக்கும் அவன் பிறவாத ஊருக்கும் இடையே உண்டாகும் உறவு.

1890ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் யோக்கோகாமாத் துறைமுகத்தில் ஒருவர் வந்து இறங்கினார். பெயர் லவ்காடியோ ஹேர்ன். தாய் கிரேக்கப் பெண். தந்தை ஐரிஷ்காரர், பிரித்தானியப் படையில் வைத்தியர். சிறுவயதிலேயே இருவரையும் பிரிந்து டப்ளினில் உறவுக்கிழவி ஒருவரிடம் வளர்ந்தார். பள்ளிப் பருவத்தில் விளையாட்டில் ஒரு கண் போயிற்று. பின்னர் அமெரிக்காவிலே பத்திரிகைத் தொழில். ஊர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஊர் இல்லாத மனிதர் அவர்.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் மற்சுவே என்னும் சிறுநகரில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தார். அந்நகரின் வைகறையைப் பற்றி அவர் எழுதியதை வாசித்தபோது நான் திகைத்துப்போனேன். அரண்மனையையோ மலையையோ கொண்டு அவர் தொடங்கவில்லை. துயில் கலையும் வேளையில் தலையணைக்குக் கீழே நாடித்துடிப்புப் போலக் கேட்கும் ஒரு சத்தத்தைக் கொண்டு தொடங்குகிறார். அது அரிசி குற்றும் உலக்கையின் சத்தம். பிறகு கோயில் மணி. தெருவிலே விற்போரின் கூவல். உதிக்கும் சூரியனைக் கைதட்டி வணங்குவோரின் ஒலி. ஒரு கண்ணால் உலகைப் பார்த்தவர் காதால் அந்த நாட்டை அறிந்துகொண்டார் எனலாம்.

எண்பதுகளில் பிறந்தவன் நான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், மின்சாரமும் டீசலும் இன்றி ஆலைகள் ஓய்ந்துகிடந்தபோது, விடியற்புறத்தில் அம்மா உரலில் மா இடித்த சத்தத்தில் கண்விழித்திருக்கிறேன். அன்று எனக்கு அது வறுமையின் சத்தம். ஹேர்னுக்கு அதேபோன்ற சத்தம் ஒரு மண்ணின் உயிர்த்துடிப்பாகக் கேட்டது. நாம் சலிப்போடு கடந்துபோவதை அந்நியன் ஒருவன் நின்று கேட்கிறான்.

மற்சுவேயில் நலிந்துபோன சாமுராய்க் குடும்பத்துப் பெண்ணாகிய கொய்சுமி செற்சுவை ஹேர்ன் மணந்தார். மனைவிக்கு ஆங்கிலம் வராது. கணவனுக்கு யப்பானிய நூல்களை வாசிக்க வராது. இருவரும் தமக்கென்று ஒரு தத்தித்தத்திப் பேசும் யப்பானியத்தை உண்டாக்கிக்கொண்டனர். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லாதே, உன் வாய்ச்சொல்லிலே சொல் என்று கேட்டு, மனைவி கூறிய பழங்கதைகளைத் தம் ஆங்கிலத்தில் எழுதினார். 1904இல் வெளிவந்த 'குவாய்டன்' என்னும் பேய்க்கதைத் தொகுதியில் அவ்வாறு பிறந்த கதைகள் உள்ளன. 1896இல் யப்பானியக் குடியுரிமை பெற்று, மனைவியின் குடும்பப் பெயரையே ஏற்றுக் கொய்சுமி யக்குமோ ஆனார்.

அந்த அன்பு நோவில்லாத அன்பன்று. படைமுகாம் நகரான குமமோற்றோ அவருக்குப் பிடிக்கவில்லை. பழமையைக் களைந்து மேனாட்டைப் பின்பற்றி ஓடிய புதிய யப்பான் அவரை வருத்தியது. ரோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் 1903இல் அவரை விலக்கியது. மாணவர் எதிர்த்தும் பயனில்லை. அவரது இடத்துக்கு வந்தோருள் ஒருவர் பின்னாளில் பெரும் நாவலாசிரியரான நற்சுமே சொசெக்கி. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் ஹேர்ன் காலமானார்.

இனி நமது மானிப்பாய்க்கு வருவோம்.

அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது வயது ஏறக்குறைய 25. முதலில் வட்டுக்கோட்டை, மறு ஆண்டு மானிப்பாய். அவர் பிறந்தது 1822இல். நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டில்தான். கிறீன் மானிப்பாயில் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய 1848இலேயே நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயத்தால் எதிரெதிரே நின்ற அவ்விருவரும் தமிழ் உரைநடையால் அறிவைப் பரப்பலாம் என்று நம்பியதில் ஒன்றுபட்டனர்.

அக்கால மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயரிலே அந்த முத்திரையை இன்றும் காணலாம். கிறீனிடம் பயின்று நூல்களை மொழிபெயர்த்தவர்களும் டன்போர்த், சப்மன் முதலிய பெயர்களையே தாங்கியிருந்தனர். யப்பானில் வந்தவர் தம் பெயரை மாற்றிக்கொண்டார். யாழ்ப்பாணத்திலோ வந்தவர்கள் நம்மவர் பெயரை மாற்றினர். இதை மறைத்துவிட்டுக் கிறீனைப் புகழ்வது நேர்மையாகாது. அவரும் மதம் பரப்ப வந்தவரே.

ஆயினும் அந்த வழக்கத்தின் நடுவே இருந்துகொண்டே அவர் வேறொன்றைக் கண்டார். ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர்கள் சம்பளம் தேடி ஊரைவிட்டுப் போகிறார்கள். உணவிலும் உடையிலும் பாதி ஐரோப்பியராகித் தம் அயலவருக்கு அந்நியராகிறார்கள். தமிழிலே கற்றவன் தமிழ்க் கிராமத்திலே தங்குவான் என்று அவர் எண்ணினார். எனவே அறுபதுகளில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழ்ச்சொல் உண்டா என்று முதலில் தேடினார், இல்லையேல் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைய எழுதினார். 'கெமிஸ்தம்' என்று இரசாயன நூலுக்கு இட்ட பெயர் அவ்வாறு பிறந்ததே. 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவரிடம் வைத்தியம் கற்றுத் தேறியவர்கள் 60க்கு மேற்பட்டோர். ஏறக்குறைய பாதிப்பேர் தமிழிலே பயின்றவர்கள்.

உடல்நலம் குன்றி 1873இல் அவர் தாய்நாடு திரும்பினார். மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில், குடும்பத்துப் பெரிய வளவில், பனையும் வேம்பும் இல்லாத குளிரில் இருந்துகொண்டு தமிழ் நூல்களையே தொடர்ந்தார். 'மனுஷ சுகரணம்' வெளிவந்தது 1883இல். 'இந்து பதார்த்த சாரம்' 1884இல். அவ்வாண்டு மே மாதம் அவர் இறந்தார்.

இருவரின் அன்பும் ஒன்றன்று. ஹேர்ன் தாம் கண்ட வாழ்க்கை மாறாமல் இருக்கவேண்டுமென விரும்பினார். கிறீன் அதை மாற்றவே வந்தார். ஆனால் மாற்றம் அந்த மக்களின் வாய்மொழியிலேயே நிகழவேண்டுமென உணர்ந்தார். முன்னையது இரசிகனின் அன்பு. பின்னையது தொழிலாளியின் அன்பு. உலக்கைச் சத்தத்தைக் கேட்க ஒருவரும், உலக்கை பிடித்தவளின் பிள்ளைப்பேற்றுக்கு அவளுடைய மொழியில் ஒரு நூல் செய்ய ஒருவரும் வேண்டியிருந்தது. கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தோன்றியபோதும் போதனைமொழி ஆங்கிலமே. அதற்குக் காரணங்கள் உண்டு. எனினும் வெளியே இருந்து வந்தவருக்கு இருந்த துணிவு நமக்கு இருந்ததா என்ற கேள்வி எஞ்சுகிறது.

நேயர்களே, இன்று அந்நியராக வாழ்பவர்கள் நாமே. ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் நம் மாணவர்கள் வாழ்கிறார்கள். தொலைபேசியில் பேசும்போது அங்குள்ள குளிரையும் வாடகையையும் சொல்கிறார்கள். அந்த ஊரின் விடியற்காலைச் சத்தம் எது என்று கேட்டால் பலர் தயங்குகிறார்கள். வந்த நாட்டை நேசிப்பது பிறந்த நாட்டை மறப்பதாகிவிடுமோ என்ற அச்சமே அத்தயக்கத்துக்குக் காரணம் போலும்.

ரோக்கியோவில் சோசிகாயா மயானத்திலுள்ள கல்லறையில் இருப்பது கொய்சுமி யக்குமோ என்ற பெயர். வூஸ்ரரில் உள்ள கல்லறையில், கிறீன் தம் விருப்பாகச் சொல்லிவைத்தபடி, தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டார்; மற்றவர் பெயரை வைத்துக்கொண்டு தாம் யாருக்கு உரியவர் என்பதை எழுதச் சொன்னார். புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தாலும் நன்றே. இரண்டு கற்களும் தங்கிய ஊரில் காதைத் திறந்துவைத்திருந்தவர்களின் கற்கள்.