ஐந்தாம் அவென்யூவின் பருந்து

1991இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கு வெளிறிய தலையுடன் ஒரு செவ்வால் பருந்து வந்து சேர்ந்தது. எழுத்தாளர் மேரி வின் அதற்கு ‘பேல் மேல்’ (வெளிறிய ஆண்) என்று பெயர் வைத்தார். பெரும்பாலும் உயரமான மரங்களில் கூடு கட்டும் இனம். இதுவோ ஐந்தாம் அவென்யூ 927ஆம் எண் மாளிகையின் 12ஆவது மாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டது. புறாக்களை விரட்டப் பதித்திருந்த கம்பி முட்கள்தான் கூட்டுச் சுள்ளிகள் சரியாமல் தாங்கின! இரைக்கும் பஞ்சமில்லை: புறா, எலி, அணில்.

1995இல் குஞ்சுகள் பொரிந்தன.

எதிரே, பார்க்கில் பொம்மைப் படகு விடும் குளக்கரையில் கேமராக்கள் கூடின. காட்டில் மறைவிடம் அமைத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிய படம் இது. இங்கே பெஞ்சில் உட்கார்ந்து நீள லென்ஸைத் திருப்பினால் போதும். பெல்ஜியத்திலிருந்து வந்த ஃபிரெடரிக் லிலியன் ஆண்டுக்கணக்கில் படம்பிடித்து ஆவணப்படமே எடுத்துவிட்டார். வழிப்போக்கர்களும் தொலைநோக்கியில் எட்டிப் பார்த்தார்கள். பருந்துக்கு ஆதரவு திரண்டது அப்படித்தான்.

2004 டிசம்பரில் கட்டட நிர்வாகம் முட்களோடு கூட்டையும் அகற்றியது. வாசலில் போராட்டம் வெடித்தது. அங்கேயே குடியிருந்த நடிகை மேரி டைலர் மூரும் எதிர்த்தார். மாதம் முடிவதற்குள் முட்கள் திரும்பி வந்தன, கூடவே எஃகுத் தாங்கியும். பருந்து ஜோடியும் வந்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகள் முட்டைகள் பொரியவே இல்லை.

2023 மே மாதம் பேல் மேல் இறந்ததாகச் செய்தி வந்தது. காலில் வளையமிடப்படாத பறவை என்பதால், 1991இல் வந்தது அதுவேதானா என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு.